அரைப் பேர்

கவிதை திரும்பி வந்திருக்கிறது, கொழும்பிலிருந்து.
ஓரத்தில் பென்சிலால் இரண்டே சொல்:
லயம் இல்லை.

பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று சிரித்துவிட்டேன்.
தூளியில் கிடந்த ஏழும் விழித்துக்கொண்டன.
ஐயா,
நான் பிறந்ததே லயத்தில்.
பதினோராம் நம்பர் காம்பரா,
தகரம் பறக்காமலிருக்க மேலே கல் வைத்தது.
அடுத்த வீட்டு இருமல்
எங்கள் சுவரில் ஈரமாய் இறங்கும்.
லயத்தை விட்டு வெளியேற ஏழு பேர்ச் நிலம் கேட்டு
மனுவுக்கு மேல் மனு எழுதியதும்
இதே பேனாதான்.

யாப்பு எனக்குத் தெரியும்.
அட்டனில், பழைய சாமான் கடையில்,
நிறுத்து வாங்கிய இலக்கணம்.
அட்டை கிடையாது.
(இந்த மலையில் அட்டை இல்லாதது அது ஒன்றுதான்.)
மழை பிடித்துக்கொண்ட மத்தியானங்களில்
பிள்ளைகள் உறங்க வாய்விட்டுப் படிப்பேன்.
தாலாட்டைவிட நேர்நிரைக்குச்
சீக்கிரம் கண் சொருகும் அதுகளுக்கு.

மலை என்றால் குறிஞ்சி என்கிறது புத்தகம்.
சரி.
யாமம், கூதிர், அதுவும் சரி;
மஸ்கெலியாவில் வருஷத்தில் எட்டு மாதம் கூதிர்தான்.
இரவுக்குறி எழுதப் போனால்
சிறுத்தைக்கு வைத்த சுருக்குக் கம்பி காலை இடறுகிறது.
அதையும் சமாளிக்கலாம்.
தினை என்கிறது.
தினையை எடுத்துவிட்டு அதே இடத்தில்
தேயிலை வைத்துப் பார்த்தேன்.
ஓர் அசை மிஞ்சியது.
மிஞ்சிய அந்த அசைக்குள்
யார் யாரோ நடந்து வருகிறார்கள்
மன்னாரிலிருந்து, காட்டு வழியே,
வந்து சேராதவர்களும்.

அகத்தில் எவர் பெயரும் வரக்கூடாதாம்.
முதலில் வாசித்தபோது அழகென்று நினைத்தேன்.
அவன். அவள். தோழி.
பெயரில்லாத ஏக்கம் எல்லாருக்கும் பொருந்தும்.
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.

கொழுந்து மடுவம். தராசில் பதினாறு கிலோ.
சாக்குக்கு ஒன்று, மழைத்தண்ணிக்கு இரண்டு
கழித்துப் பதின்மூன்று.
அரைப் பேர், என்றார் கணக்கப்பிள்ளை, தலை நிமிராமல்.
கொழுந்து காணாதென்று
அன்று இரண்டு நிரை பிடித்தவள் அவள்.
படங்கு சொட்டச் சொட்டப்
பிள்ளையைத் தூக்க வந்தபோது கேட்டாள்:
"மிச்சப் பாதிப் பேர எங்கக்கா வச்சிருப்பாங்க?"

என்னிடம் பதில் இல்லை.
அவள் போனபிறகு
வரவுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் அசை பிரித்தேன்.
பவ. ளரா. ணி.
நிரை, நிரை, நேர்.
இரண்டு நிரை!
கணக்கப்பிள்ளை தராததை
இலக்கணம் எண்ணி வைத்திருக்கிறது.
காய்ச்சீர்.
வெண்பாவுக்குள் எங்கும் நுழையலாம்,
முடிவில் மட்டும் நிற்க இடமில்லை.
வெண்பா நாளில் முடியும், மலரில் முடியும்,
காசில், பிறப்பில் முடியும்.
இவளில் முடியாது.

இடித்துவிட்டுத்தான் கட்டவேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள்.
எனக்குச் சுவர் வேண்டும்,
எந்தக் கல்லைப் பெயர்த்தேன் என்று
விரல் வைத்துக் காட்டுவதற்கு.

ஐயா, அதே தாள், அதே கவிதை.
உங்கள் பென்சிலை அழிக்கவில்லை, இருக்கட்டும்.
கடைசிச் சீரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.
அளவு மிஞ்சும். அகம் கெடும்.
தெரிந்துதான் செய்தேன்.
அச்சில் இடம் போதவில்லையென்று
பாதியில் வெட்டிவிட வேண்டாம்.
முழுப் பேர்:

பவளராணி